நாலாம் மாசம், முதலாம் நாள்

பழைய பதிவேட்டை யாராவது எச்சில் தொட்டுப் புரட்டினால் எனக்கு ரத்தம் கொதிக்கும். திருவனந்தபுரத்தில் எங்கள் சபை ஆபீசில் முப்பத்தொரு வருஷம் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகளைக் காத்தவன் நான். பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் தாத்தாவின் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை நான் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. "ஞானையன் சார் லீவு போட்ட நாளா பாத்துப் போ" என்று ஆட்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. அதில் எனக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்ட நான், 1997 ஜூலையில், நூற்றிருபத்தெட்டு வருஷம் பழைய ஒரு பக்கத்தை என் கையாலேயே கிழித்து, வீட்டுக்குக் கொண்டுபோய், கொல்லையில் எரித்தேன். இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. இரண்டு வருஷமாக, தெரிந்தே ஆகவேண்டிய இரண்டு பேரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன், கூச்சம் குறையவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்.

ரூத் வெப் என்ற அந்த இங்கிலாந்துக்கார அம்மாள் ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிறத்தில் ஒரு கவுன், தோளில் துணிப்பை, கையில் நம் ஊர்க் கறுப்புக் குடை. கிழக்கேகோட்டையிலிருந்து மழையில் நடந்தே வந்திருந்தார். வந்தவர் என்னைப் பார்த்து, "ஞானையன்" என்றார். சாரும் இல்லை, மிஸ்டரும் இல்லை. பிஷப்கூட என்னை அப்படி மொட்டையாகக் கூப்பிட்டதில்லை. எனக்கு முதல் நிமிஷத்திலேயே சுள்ளென்று ஏறியது.

"என் பெயர் ரூத் வெப். நான் ஒரு ஃப்ரெண்ட்" என்றார் இங்கிலீஷில்.

ஆபீசில் காரியம் ஆகவேண்டியவர்கள் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். "ஆகட்டும், நாம் எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தான். என்ன வேண்டும்?" என்றேன். அவர் ஏதோ விளக்க வாயெடுத்தார். நான் மணியைப் பார்த்தேன். பேசாமல் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா ஈசாக் வெப், 1861-இல் மனைவி இறந்தபின் மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர். வித்துராவுக்கு மேலே மலையில் காட்டைத் திருத்திக் காப்பி போட்டு, அங்கேயே பங்களா கட்டித் தங்கி, பதின்மூன்று வருஷம் கழித்துக் காய்ச்சலில் செத்துப்போனார். தமிழ் கற்று, தமிழில் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினாராம். பங்களா இடிந்தபோது அங்கிருந்த காகிதங்கள் எங்கள் சபைக்கு வந்ததாக ரூத் எப்படியோ விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தார்.

"அவர் கடிதத்தில் ஒரு உள்ளூர்ப் பெண்ணைப் பற்றி வருகிறது. பெயர் இல்லை. அந்தப் பெயர்தான் எங்களுக்கு வேண்டும். நோட்டில் இருக்க வேண்டும்" என்றார்.

ஏன் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பெயர் எனக்குத் தெரியும். பேச்சி. என் தாத்தாவைப் பெற்றவள்.

எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஊரில் எல்லாரும் வாய்விட்டுச் சொன்ன கதை அது. பேச்சி மலையில் வெப் சாயிப்பின் பங்களாவில் வேலைக்கு நின்றாள். புருஷன் தோட்டக் கூலி. சாயிப்பும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் உள்ளே இருப்பார்கள் என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் பேச்சு. அவளுக்குப் பிறந்த என் தாத்தா நல்ல சிவப்பு. போதாதா? பிறகு தாத்தா வளர்ந்து சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். பேச்சிக்கு மட்டும் ஞானஸ்நானப் பதிவு கிடையாது. எங்கள் பதிவேடுகளில் நான் தேடாத வருஷம் இல்லை. நடத்தை கெட்டவள் என்று சபை அவளைச் சேர்க்கவில்லை என்பது ஊர் முடிவு. என் முடிவும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் என்னை "சாயிப்பே" என்று கூப்பிட்ட ஒருவனுடைய பல்லை உடைத்தேன். ஆனால் என் அக்கா பொன்னம்மையின் கல்யாணம் முடங்கியபோது யார் பல்லை உடைப்பது? மார்த்தாண்டத்தில் எல்லாம் பேசி முடித்து, சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஆள் சொல்லி விட்டார்கள்: "மலைக்காரிக்க கதை உள்ள வீடாக்கும், நமக்கு வேண்டாம்." அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு. அதன் பிறகு ஒரு பேச்சுக்கும் அவள் சம்மதிக்கவில்லை. தையல் டீச்சராக இருந்து ரிட்டயர்டாகி, இன்றும் என் வீட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கதை இனி எவன் வாயிலிருந்தும் வரக்கூடாது என்பது என் வைராக்கியம். இப்போது சாயிப்பின் கொள்ளுப்பேத்தியே கடல் கடந்து அதைத் தோண்டி எடுத்து அச்சுப் போட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த நோட்டு கிடைத்தது. அலமாரியின் அடித்தட்டில், பூச்சி அரித்த கட்டு ஒன்றின் நடுவில். அட்டையில் 1869 என்று இருந்தது. ரூத் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. கொஞ்சம் கோணலான, ஆனால் தெளிவான கையெழுத்து. மழை, நாற்று, அட்டைக்கடி, ஆள் பெயர்கள் என்று பக்கங்கள் போயின. நடுவில் ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் இருந்தது:

"நாலாம் மாசம், முதலாம் நாள். சிநேகிதி பேச்சியும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஒன்றாக இருந்தோம். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் உள்ளே வெளிச்சம் வந்தது. இனி அவள் எங்களில் ஒருத்தி. ஈசாக் வெப்."

சிநேகிதி! இந்த ஊரில் ஒருத்தனும் ஒருத்தியும் சிநேகத்தில் இருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம், பேச்சும் இல்லை. நாலாம் மாசம் என்றால் வேறென்ன? நம் வீடுகளில் பெண்களுக்கு நாலாம் மாசம் என்று எதைச் சொல்வார்கள்? தாத்தா பிறந்தது 1869 செப்டம்பர் என்று பதிவேட்டில் இருக்கிறது. முந்தின பக்கத்தில் கோடை மழை பற்றி எழுதியிருந்தது; அதிலிருந்து மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். ஒத்துப்போயிற்று. பாவி, நாள் நட்சத்திரத்தோடு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறானே என்று பற்களைக் கடித்தேன்.

"ஏதாவது இருக்கிறதா?" என்று ரூத் கேட்டார்.

"மழையும் நாற்றும்தான். பெண் பெயர் ஒன்றும் இல்லை" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக."

அவர் முகம் வாடியது. ஆனாலும் உடனே நம்பினார். "நன்றி, ஞானையன். சிரமப்பட்டு வாசித்தீர்கள்" என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டு, போட்டோ எடுக்கிறேன் என்று நச்சரித்திருப்பார்கள். இவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் அரைநாள். எல்லாரும் போனபின் அளவுகோலை வைத்து அந்தப் பக்கத்தை ஒழுங்காகக் கிழித்தேன். தாறுமாறாகக் கிழிக்கக்கூட என் தொழில் பழக்கம் விடவில்லை பாருங்கள். சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி ஓமனா மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் பலாச் சருகைக் கூட்டி வைத்து அதன் நடுவில் பக்கத்தைச் செருகித் தீ வைப்பதற்கு முன்னால் அதை இன்னும் நாலைந்து தடவை வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கோபம்தான் ஏறியது.

அக்கா கொல்லை வாசலில் வந்து நின்றாள். "ஈரச் சருகப் போட்டு என்னத்துக்குலே புகைய வைக்குத?"

"பழைய பேப்பரு. பூச்சி பிடிச்சது" என்றேன். உனக்காகத்தான் செய்கிறேன் அக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன்.

திங்கட்கிழமை ரூத் விடைபெற வந்தார். செவ்வாய் மத்தியானம் அவருக்கு ரயில். பையிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது ஈசாக் ஊருக்கு எழுதிய கடிதம். இங்கே அந்த நோட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது காகிதத்தில் அவள் பெயர் என்றைக்காவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்" என்றார்.

கடிதத்தின் தலைப்பில், "நாலாம் மாசம், பன்னிரண்டு, 1869" என்று இங்கிலீஷில் இருந்தது. என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்ன, நாலாம் மாசம்?"

"ஏப்ரல்" என்றார். "எங்கள் முன்னோர்கள் மாதத்தின் பெயரையும் கிழமையின் பெயரையும் எழுத மாட்டார்கள். அவற்றில் பல பழைய தேவர்களின் பெயர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். எண் மட்டும்தான். முதலாம் நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமை."

"உங்கள் முன்னோர்கள் என்றால்?"

"அன்றைக்கே சொன்னேனே. நான் ஒரு ஃப்ரெண்ட். ஈசாக்கும்தான். எங்கள் சபைக்குப் பெயரே சிநேகிதர்கள் சங்கம். வெளியே உள்ளவர்கள் குவேக்கர் என்பார்கள். எங்களுக்குப் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, தண்ணீரில் ஞானஸ்நானம் இல்லை. யாரையும் பட்டம் சேர்த்துக் கூப்பிடவும் மாட்டோம். முதலாம் நாளில் ஒன்றாக உட்கார்ந்து, பேசாமல் காத்திருப்போம். உள்ளே வெளிச்சம் வரும் என்பது எங்கள் விசுவாசம்."

முப்பத்தொரு வருஷம் சபை ஆபீசில் இருந்தவன் நான். உலகத்தில் இப்படி ஒரு சபை உண்டு என்று எனக்குத் தெரியாது. தெரியாததைக் கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

ரூத் கடிதத்தை வாசித்துக் காட்டினார். நான் புரிந்துகொண்டதைத் தமிழில் சொல்கிறேன். "இங்கே எனக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. என் தோட்டத்து ஆள் ஒருவனுடைய மனைவி. மூன்று வருஷமாக ஒவ்வொரு முதலாம் நாளும் வந்து என்னோடு மௌனத்தில் உட்காருகிறாள். குரங்குகள் உள்ளே வந்துவிடுவதால் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. அவள் கணவனுக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவளோடு கூடவே வந்து என் நாயை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பான். லயத்தில் ஜனங்கள் அவளைப் பற்றி அசிங்கமாகப் பேசுகிறார்கள். வரவேண்டாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். 'நான் கள்ளம் செய்யவில்லை, எதற்கு ஒளிய வேண்டும்' என்று கேட்டாள். சென்ற முதலாம் நாளில் அவளைச் சிநேகிதியாக ஏற்றுக்கொண்டேன். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. முதலில் தன் மொழியில் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். என் தமிழ் நோட்டில் எழுதியிருக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளோ பிள்ளைகளின் பிள்ளைகளோ ஒருநாள் வாசிப்பார்கள் என்கிறாள்."

வாசித்தேன், பேச்சியம்மா. நாலைந்து தடவை வாசித்தேன்.

"எங்கள் சங்கத்துப் புத்தகத்தில் 'ஒரு பெண், பெயர் தெரியவில்லை' என்று இன்றும் இருக்கிறது" என்றார் ரூத். "அந்த மலையில் அத்தனை பேர் பேச்சையும் தாங்கிக்கொண்டு வந்தவள். அவளுக்கு ஒரு பெயராவது கொடுக்க வேண்டாமா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தை வாங்கி, பின் குத்தி, கோப்பில் வைத்து, "தேடிப் பார்க்கிறேன்" என்றேன். அவர் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சுருங்குகிறது.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். அவள் காலை மிதியிலிருந்து எடுத்தாள்.

"அண்ணைக்குப் புகைஞ்சது அதுவாக்கும்" என்றாள்.

"ஒனக்காட்டுதான் செய்தேன், அக்கா."

"பொய் பறயாத. எனக்கு அறுபது வயசு. இனி என்ன ஆரு பொண்ணு கேக்க வாறா? நீ ஒனக்காட்டு செய்தே."

உண்மை. மகள் வீட்டுச் சம்பந்திக்கும், ஆபீசில் உள்ளவர்களுக்கும், 'ஞானையன் சார்' என்ற பட்டத்துக்கும் பயந்துதான் செய்தேன். அக்கா பெயரைச் சொல்லி எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

"மார்த்தாண்டத்துக்காரன் வேண்டாம்னு சொன்ன அண்ணு தொட்டு நான் அவளத் திட்டுதேன் கேட்டியா" என்றாள் அக்கா. "தெனமும் ஜெபம் செய்ததுக்குப் பெறவு திட்டுவேன். கெட்ட மூதி, நீ செய்ததுக்கு நான் அனுபவிக்கேன்னு. முப்பத்தெட்டு வருஷம். ஒரு தப்பும் செய்யாத ஒருத்திய." அவள் அழுதாள். கல்யாணம் முடங்கிய அன்றுகூட அவள் என் முன்னால் அழுததில்லை.

கொஞ்சம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த மதாம்மைக்கு எப்போ வண்டி?"

"நாளைக்கு மத்தியானம்."

"காலத்தே போவோம். நானும் வாறேன். நீ வழியிலேர்ந்து திரும்பிப்போடுவ."

தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரூத் தங்கியிருந்தார். மறுநாள் நாங்கள் போனபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கலைக்கிறோமே என்று எனக்கு இருந்தது. அக்கா என் முதுகில் விரலால் குத்தினாள்.

"ரூத்" என்றேன். மேடம் என்று சொல்ல வந்து, விட்டுவிட்டேன். "அவள் பெயர் பேச்சி. என் தாத்தாவின் அம்மா. நோட்டில் அவள் பெயர் இருந்தது. நான் பொய் சொன்னேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து எரித்துவிட்டேன்."

ஏன் என்றும் சொன்னேன். சிநேகிதி என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொண்டேன், நாலாம் மாசத்தை எப்படி எண்ணினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இங்கிலீஷில் சொல்லும்போது அது இன்னும் கேவலமாக இருந்தது. ரூத் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கோபம் வந்திருக்கும், அது எனக்குப் பழகின விஷயம். அவர் திட்டவில்லை. "அத்தனை வருஷமும் உங்கள் வீட்டில் அவளை அப்படியா நினைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று நினைவிருக்கிறதா?"

"ஒரு எழுத்தும் மறக்கவில்லை."

அவர் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பேச்சி என்ற பெயரை மட்டும் தமிழிலும் எழுதித் தரச் சொன்னார். அக்கா குறிப்பேட்டை வாங்கி, தையல் டீச்சர் கையெழுத்தில் முத்து முத்தாக எழுதினாள்.

"நான் சொல்வதற்குச் சாட்சி எதுவும் கிடையாது. பைபிள்மேல் சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன்" என்றேன்.

"நாங்கள் சத்தியம் வாங்குவதில்லை. ஒருவர் சொன்னால் அது உண்மை என்று எடுத்துக்கொள்வோம்" என்றார். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை 'நிச்சயமாக' என்று நான் சொன்னதையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எழுதி முடித்தவர் பேனாவை மூடவில்லை. "ஞானையன், இந்தக் குறிப்பு எங்கள் சங்கத்துப் புத்தகத்தில் ஏறும். மூலப் பக்கம் எங்கே என்று பின்னால் வருகிறவர்கள் கேட்பார்கள். தொலைந்துவிட்டது என்று நான் எழுத முடியாது. அது உண்மையில்லை. நடந்ததை எழுதட்டுமா? நீங்கள் வேண்டாம் என்றால் பக்கம் இப்போது இல்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்."

அச்சில் வரும். என் பெயரோடு வரும். யாராவது படித்த பிள்ளை ஒருநாள் அதைத் தேடி எடுத்து இந்த ஊரிலேயே வாசிக்கும். 'வேண்டாம்' என்ற சொல் என் வாயில் ரெடியாக இருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஒனக்க பேர எழுதணுமான்னு கேக்குதாவளா?"

"ஆமா."

"எழுதட்டும்லே. அவளப் பத்தி நூறு வருஷமாட்டு பொய் பேசினாவ. ஒன்னப் பத்தி ஒரு வரி நெசம் எழுதினா நீ செத்தா போவ?"

அக்கா என்ன சொன்னாள் என்று ரூத் கேட்டார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல்லையும் விடவில்லை. ரூத் அக்காவைப் பார்த்துவிட்டு, குனிந்து எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"பேச்சியை நினைத்து வெட்கப்பட்ட அவளுடைய கொள்ளுப்பேரன் ஞானையன் இந்தப் பக்கத்தை எரித்தார். சரிதானா?"

"சரிதான்" என்றேன்.